கூரைப் புகை

பொழுது சாயும் நேரத்தில் அப்பத்தா வாசலுக்கு வந்துவிடுவாள். வலது கையைக் கண்ணுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு கூரையாகப் பார்ப்பாள். மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் திரும்புகின்றனவா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆடுகளையெல்லாம் விற்றுத் தீர்த்த பிறகும் அவள் அதே இடத்தில் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் கேட்டேன்.

“எதை அப்பத்தா பாக்குற?”

“புகையப் பாக்குறேன் அப்பு. எந்த வீட்டுல அடுப்பு எரியுது, எந்த வீட்டுல எரியலன்னு பாக்குறேன்.”

எங்கள் ஊர் முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் நடுவில் இருக்கிறது. சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்து போகாத பழைய இராமநாதபுரம் மாவட்டம் அப்போது. தெருவில் முக்கால்வாசி பனையோலைக் கூரைகள். உள்ளே அடுப்பு பற்ற வைத்தால், ஓலை இடுக்குகளில் கசிந்து வெளியே வரும் புகை கூரைமேல் சாம்பல் நிறத்தில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்தே அப்பத்தா சொல்லிவிடுவாள், ஈர விறகா காய்ந்த விறகா, சோறு வேகிறதா வெறும் காப்பித்தண்ணியா என்று. அவள் கண்ணுக்கு அது எழுத்து மாதிரி.

1982ஆம் வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் எங்களை ஏமாற்றின. இராமநாதபுரத்துக்காரனுக்கு மழை என்றால் அந்த இரண்டு மாதம்தான். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் நெல். நிரப்பாவிட்டால் அடுத்த ஐப்பசிவரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், பயிருக்கு ஆகாது. அந்த வருஷம் விதைத்த நெல் ஒரு சாண் வளர்ந்து பழுத்துக் கருகியது. மாட்டை அவிழ்த்து விட்டு மேயவிட்டார்கள். “நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைக் கண்மாயே வறண்டு கெடக்குதாம்” என்று ராஜசிங்கமங்கலம் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னபோது, திண்ணையில் இருந்தவர்கள் யாரும் பதில் பேசவில்லை. அவ்வளவு பெரிய கண்மாய்க்கே அந்த நிலை என்றால் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. பஞ்சம் என்பது ஒரே நாளில் வந்து கதவைத் தட்டுவதில்லை என்பதை அந்த ஒரு வருஷத்தில் படிப்படியாகப் பார்த்தேன். வீட்டிலிருந்து பொருட்கள் ஒவ்வொன்றாக வெளியே போகும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கோழி. பிறகு ஆட்டுக்குட்டி, அப்புறம் தாய் ஆடு. அதற்குப் பின்னால் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் அடகுக் கடைக்குப் போயின. அம்மாவின் தோடு போய், காதில் வேப்பங்குச்சி வந்தது. கடைசியில் உழவுமாடு.

மாடு விற்ற நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா அவற்றைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் ஈரத்துணியால் முகத்தை மட்டும் துடைத்துவிட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். சந்தை முழுக்க மாடுகள். விலா எலும்பு எண்ணும்படி நின்றன. எல்லாரும் விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. போன வருஷம் ஒரு மாட்டுக்குச் சொன்ன விலைக்கு இந்த வருஷம் சோடியையே கேட்டார்கள். அதே சந்தையின் மறுகோடியில் அரிசி வியாபாரி படிக்கு விலையை ஏற்றி வைத்திருந்தான். அப்பா இந்தக் கோடியில் வாங்கிய பணத்தை அந்தக் கோடியில் கொடுத்தார். ஒரு சோடி மாடு சில மூட்டை அரிசியாகிச் சுருங்கிப் போனது. வரும் வழியெல்லாம் அப்பா கையில் மூக்கணாங்கயிறு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஆளுயரக் குலுக்கை ஒன்று இருந்தது. மண்ணும் வைக்கோலும் பிசைந்து வளையம் வளையமாக அடுக்கிக் கட்டியது. அடியில் ஒரு துளை; அதைத் துணிப்பந்தால் அடைத்திருப்பார்கள். துணியை உருவினால் தானியம் சரசரவென்று முறத்தில் விழும். அப்பத்தா தினமும் காலையில் விரல் முட்டியால் குலுக்கையைத் தட்டிப் பார்ப்பாள். நிறைந்திருந்தால் ‘தொம்’ என்று அடங்கிய சத்தம். தை மாதத்தில் அந்தச் சத்தம் அவள் இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. மாசியில் முழங்காலுக்கு இறங்கியது. பங்குனியில் ஒருநாள் துணிப்பந்தை உருவியும் ஒன்றும் விழவில்லை.

“அப்பு, உள்ள எறங்குறியா?” என்றாள்.

அப்பா என்னைத் தூக்கிக் குலுக்கையின் வாய் வழியாக உள்ளே இறக்கிவிட்டார். கையில் ஒரு பழந்துணி. உள்ளே இருட்டு, மேலே தலைக்கு நேராக ஒரு வட்ட வெளிச்சம். பழைய குதிரைவாலி வாசமும் வேப்பிலை வாசமும் தூசியும் சேர்ந்து மூக்கை அடைத்தன. சுவரில் ஒட்டியிருந்தது, ஓரத்தில் ஒதுங்கியிருந்தது எல்லாவற்றையும் துணியால் கூட்டித் துளைப் பக்கம் தள்ளினேன். வெளியே அப்பத்தா முறத்தைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் இருக்கு, வலது கைப் பக்கம் பாரு” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. வெளியே வந்தபோது முறத்தில் இரண்டு உழக்குக் குதிரைவாலி இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குலுக்கைக்குப் பக்கத்தில் சாணி மெழுகி வாய் மூடிய சின்னப் பானை ஒன்று உண்டு. அதில் சாம்பல் கலந்து விதை வைத்திருந்தார்கள். அண்ணன் ஒருநாள் பசியில் அதைக் காட்டி, “அதான் இருக்கே” என்று கேட்டுவிட்டான். அப்பத்தா எங்களை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்: “அது நம்மளது இல்லடா. அது அடுத்த வருசத்துது. அடுத்த வருசத்துல போயித் திருடலாமா?”

அந்தக் கோடையில் எங்களுக்குச் சோறு போட்டது வறண்ட கண்மாய்தான். தண்ணீர் வற்றி வெடித்த சேற்றுக்கு அடியில் கொட்டிக்கிழங்கு இருக்கும். பெண்களும் பிள்ளைகளும் விடிவதற்குள் கம்பியும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு போவோம். அரை முழம் தோண்டினால் கருப்பாக, கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிதாகக் கிடைக்கும். அவித்துத் தோலை உரித்தால் வெள்ளையாக இருக்கும். வாயில் போட்டால் மாவாகக் கரையும், பின்னால் லேசாக மண் ருசிக்கும். அதுபோக முருங்கைக்கீரை. பனங்கொட்டையை வெட்டித் தவுன் தின்போம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து உரலில் இடித்து மாவாக்கி அம்மா கூழ் காய்ச்சுவாள். பனை மட்டும் எந்த வருஷமும் எங்களிடம் மழைக்கணக்குக் கேட்டதில்லை.

இரவில் அடுப்பில் கருப்பட்டிக் காப்பி மட்டும் கொதிக்கும் நாட்கள் இருந்தன. பகலில் சாப்பிடும்போதும் ஒரு முறை இருந்தது. முதலில் அப்பா, பிறகு நாங்கள் மூன்று பேர், அப்புறம் அப்பத்தா, எல்லாருக்கும் கடைசியில் அம்மா. அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வடிகஞ்சியில் உப்புப் போட்டு நின்றவாக்கில் குடிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு, “வயிறு நெறஞ்சு போச்சு” என்பாள். நான் அதை நம்பினேன். அம்மாவை நம்பாமல் எட்டு வயதில் வேறு யாரை நம்புவது?

புகைக்கு வருகிறேன். தெருவின் கடைசி வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். மாமா தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனவர். அந்த வருஷம் அங்கேயும் ஆள் வேண்டாம் என்கிறார்கள் என்று ஒரு கார்டு போட்டார், அப்புறம் தகவல் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கூரையில் புகை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அப்பத்தா உள்ளே போய் அடுக்குப் பானையைத் துழாவினாள். நல்ல காலத்தில் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டு வைப்பது அவள் பழக்கம். பிடியரிசிப் பானை என்று பெயர். அரிசிதான் என்றில்லை, கேப்பையோ கம்போ அன்றைக்கு எதைச் சமைக்கிறாளோ அதில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு படிக் கேப்பையை அளந்து ஓலைப்பெட்டியில் போட்டு, மேலே துணி மூடி என் கையில் கொடுத்தாள்.

“அத்தைகிட்ட இதைத் திரிச்சுத் தரச் சொன்னாகன்னு சொல்லு. எனக்குக் கை வலி, திருகை சுத்த முடியல. கூலிக்கு அரைப்படி எடுத்துக்கிறச் சொல்லு.”

அப்பத்தாவுக்குக் கை வலி எதுவும் இல்லை. அன்று காலையில்தான் உரலில் இடித்தாள். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். “பொழுதடையத் திரிச்சுத் தாரேன்னு அப்பத்தாகிட்டச் சொல்லு அப்பு” என்றாள். நான் திரும்பி நடக்கும்போதே உள்ளே திருகை சுற்றும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கல்லும் கல்லும் உரசும் அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கூரையில் புகை வந்தது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்ப் படுத்தாள். அந்தக் கோடை முழுக்க வாரத்துக்கு இரண்டு தடவை எங்கள் வீட்டுக் கேப்பை அந்தத் திருகைக்குப் போய்வந்தது.

அந்த நாட்களில் ராத்திரி அப்பத்தா சொல்லும் கதை நல்லதங்காள் கதை. பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு மக்கிப்போன கேப்பையும் ஓட்டைப் பானையும் எரியாத பச்சை வாழைமட்டையும் தருகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கதை முடிந்ததும் அப்பத்தா ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வாள்: “அவ பஞ்சத்துல சாகலடா. அந்த வீட்டுல நெல்லு இருந்துச்சு. கதவு தெறக்கல, அதான் செத்தா.”

பின்னாளில் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது அமர்த்தியா சென்னின் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. 1981இல் வெளிவந்தது, வறுமையையும் பஞ்சத்தையும் பற்றியது. 1943 வங்கப் பஞ்சத்தை எடுத்துக்கொண்டு, உணவு இல்லாததால் மட்டும் மக்கள் சாவதில்லை, இருக்கும் உணவை வாங்கும் வழி அவர்களிடமிருந்து நழுவிப் போவதால்தான் சாகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். மாட்டு விலை விழுந்து அரிசி விலை ஏறிய அந்தச் சந்தை என் கண்முன் வந்தது. சாத்திய கதவும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்லும் 1876–78 பஞ்சத்திலும் கதை இதுதான். சென்னைக்குத் தானிய மூட்டைகள் வந்திறங்கிக்கொண்டுதான் இருந்தன. நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று 1877இல் குறைத்தார்கள். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோ கூட இல்லை. அதை வாங்கிக்கொண்டு வெயிலில் மண் சுமந்தவர்கள் உடம்பு எவ்வளவு நாள் தாங்கும்? லட்சம் லட்சமாகச் செத்தார்கள்.

எங்களுக்கு அந்தக் கதி வராமல் காத்தவை சில இருந்தன. அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராஜர் 1956இல் போட்ட மதிய உணவின் வழியில் வந்த பெரிய அடுத்த அடி அது. கிராமத்தில் பால்வாடிப் பிள்ளைகளுக்கும் ஒன்பது வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் சோறு. பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, பருப்பு, காய். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு மூன்று பெரிய அடுப்பு வைத்தார்கள். தெருவில் புருஷனை இழந்த ஒரு சின்னம்மாவுக்கு அங்கே சமையல் வேலை கிடைத்தது. பதினொரு மணிக்கு வகுப்பின் சன்னல் வழியாகச் சாம்பார் வாசம் உள்ளே வரும். அதற்குப் பிறகு வாத்தியார் கரும்பலகையில் எழுதுவது யார் தலையிலும் ஏறாது. மழை பொய்த்த பிறகு ஊரில் தவறாமல் புகை வந்த ஒரே கூரை அந்தக் கொட்டகைதான். அப்பத்தா சாயங்காலம் எங்கள் தெருவைப் பார்ப்பாள் என்றால், மத்தியானம் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவாள்.

அண்ணனுக்குப் பதினொரு வயது. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவன் வயதுப் பிள்ளைகளுக்குச் சத்துணவு 1984இல்தான் வந்தது. நானும் தங்கச்சியும் சாப்பிடுகிறோம், அவன் பட்டினியாக மூன்று மைல் நடக்கிறான் என்பது எனக்குச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் உறுத்தியது. ஒருநாள் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தூக்குச்சட்டியில் அள்ளிப் பைக்குள் மறைத்தேன். சின்னம்மா பார்த்துவிட்டாள். இங்கேயே சாப்பிட வேண்டும், வெளியே கொண்டு போகக் கூடாது என்பது விதி. அவள் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டாள்.

“யாருக்கு?”

“அண்ணனுக்கு.”

“நீ முழுசாச் சாப்பிடு. அண்ணனுக்கு நான் பாத்துக்கிறேன்.”

மறுநாளிலிருந்து அண்ணன் பள்ளியிலிருந்து திரும்பும்போது, அடிச்சோறு ஒரு கிண்ணம் அவள் வீட்டுத் திண்ணையில் மூடி இருக்கும். அவளும் கடைசியில் சாப்பிடுகிறவள்தான். அந்தக் கிண்ணம் யார் பங்கு என்று இப்போது எனக்குத் தெரியும்.

பெரியவர்களுக்குக் கண்மாயில் வேலை வந்தது. 1980இல் தொடங்கிய தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தில் கூலியில் ஒரு பகுதியைத் தானியமாகக் கொடுப்பார்கள். அம்மாவும் கடைசி வீட்டு அத்தையும் சும்மாடு சுற்றிக்கொண்டு கண்மாய் மண்ணைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார்கள். கூலியாகக் கோதுமை வந்தபோது அதை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா அதை உரலில் குத்தி நொய்யாக்கிக் கஞ்சி காய்ச்சினாள். பிசுபிசுவென்று இருந்தது, சூடாகக் குடித்தால் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, “திரிக்க ஒண்ணும் இல்லையா அத்தை?” என்று அப்பத்தாவிடம் தானாகக் கேட்டாள். “இந்த வாரம் இல்ல மதினி மகளே” என்றாள் அப்பத்தா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ரேஷன் கடை மூன்று மைலில் இருந்தது. அட்டை இருந்தது. அரிசி வந்த நாளில் கையில் காசு இருக்காது. காசு இருந்த நாளில் அரிசி இருக்காது. அப்பா சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் அந்தக் காசைத் தேடினார். மண் மூடிய மூட்டம் இரவும் பகலும் புகைந்துகொண்டிருக்கும். அப்பத்தா அந்தப் புகையைக் கணக்கில் சேர்க்கமாட்டாள். “அது வியாபாரிக்கு எரியிற புகை” என்பாள்.

1983 கடைசியில் மழை பிடித்தது. சாணி மெழுகிய பானையை அப்பத்தா அன்றைக்குத்தான் உடைத்தாள். விதையைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். எங்களுக்கு வேண்டியதை அளந்து வைத்துவிட்டு, மீதியை விதை தின்றுவிட்ட இரண்டு வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பினாள். அவர்களைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை.

பிறகு காலம் மாறியது. நூறு நாள் வேலை சட்டமாக வந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவிக்கப்பட்டபோது பயந்துகொண்டே ஊருக்குப் போனேன். கண்மாய் 1983 போலவே வெடித்துக் கிடந்தது. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையும் குலுக்கைக்குள் இறங்கியிருக்கவில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்த பெண்கள் வெறும் சோறும் ரசமும் என்றாலும் காலையில் சாப்பிட்டிருந்தார்கள். இதை ஒரு சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. பருப்பும் காயும் முட்டையும் அந்தத் தட்டுக்கு இன்னும் வர வேண்டும். அம்மாக்கள் கடைசியில் சாப்பிடும் வழக்கம் போக வேண்டும். அதுவரை வேலை பாக்கி இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் மறுபடி போயிருந்தேன். கடைசி வீட்டு அத்தை தனியாக இருக்கிறாள். பெண்கள் கட்டிக்கொடுத்த ஊரில். ரேஷன் கடையில் அப்போது கைரேகை வைக்க வேண்டியிருந்தது. அத்தையின் விரலில் ரேகையே இல்லை. திருகைப் பிடியும் மண்கூடையும் விறகும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. கடைக்காரப் பையன் பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தானாம், மெஷின் எடுக்கவில்லை, “நாளைக்கு வாங்க ஆத்தா” என்றானாம். நாளைக்கு என்பது மூன்று நாளாகிவிட்டது. இதை எனக்குச் சொன்னது அத்தை இல்லை. பேருந்து நிறுத்தத்தில் வேறொருவர்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று, கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். எந்தக் கூரையிலும் புகை இல்லை. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. நல்லதுதான், அம்மாவின் இருமலில் பாதி அந்தப் புகை கொடுத்தது. ஆனால் எந்த அடுப்பு எரிகிறது, எது எரியவில்லை என்று இனி வாசலில் நின்று தெரிந்துகொள்ள வழியில்லை. கடையில் ஐந்து கிலோ கேப்பை வாங்கினேன். துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை நடந்து கதவைத் தட்டினேன்.

அத்தை கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பையைப் பார்த்தாள். மூலையில் தூசி படிந்து கிடந்த திருகையைப் பார்த்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

“என்னப்பு, அப்பத்தா திரிச்சுத் தரச் சொன்னாகளா?”